ஹைக்கூ: எங்கே கம்பைல் செய்வது, எங்கே ஓட்டிப் பார்ப்பது?

ஹைக்கூ இயங்குதளத்துக்கு நிரல் எழுத ஆசைப்படும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “எட்டு ஜிபி நினைவகமுள்ள ஒரே ஒரு விண்டோஸ் மடிக்கணினிதான் இருக்கிறது, எதில் தொடங்குவது?” முன்பெல்லாம் லினக்ஸ் போடுங்கள் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவேன். அது தவறான பதில் இல்லை. ஆனால் பாதிப் பதில்தான். அந்தக் கேள்விக்குள் இரண்டு முடிவுகள் சேர்ந்து கிடக்கின்றன. மூலநிரலை எங்கே கம்பைல் செய்வது, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது, என்பது ஒன்று. கம்பைல் ஆனதை எங்கே ஓட்டிப் பார்ப்பது என்பது மற்றொன்று. சாதாரணச் செயலி எழுதுகிறவருக்கு இரண்டும் ஒரே கணினியில் நடந்துவிடும். இயங்குதளத்தையே எழுதுகிறவருக்கு அப்படி அல்ல. தான் உட்கார்ந்திருக்கும் கிளையையே அவர் செதுக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் பிரித்து யோசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

தமிழர்களுக்கு ஹைக்கூ என்றால் மூன்று வரிக் கவிதை. இந்த இயங்குதளத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். பீஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தில் இருந்த நெட்பாசிட்டிவ் உலாவி, கேட்ட பக்கம் கிடைக்காதபோது பிழைச் செய்தியை ஹைக்கூவாகக் காட்டும். ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான் லூயி கசே தொடங்கிய பீ நிறுவனத்தின் தொழில்நுட்பச் சொத்துகளை 2001இல் பாம் நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கியது, பீஓஎஸ் அத்தோடு நின்றுபோனது. அதை இழக்க மனமில்லாதவர்கள் அதே ஆண்டில் ஓப்பன்பீஓஎஸ் என்ற பெயரில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 2004இல் அது ஹைக்கூ ஆயிற்று. முதல் ஆல்பா 2009இல் வந்தது, முதல் பீட்டா 2018இல், ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். ஆர்1 எனப்படும் முதல் முழு வெளியீடு இதை எழுதும்போதும் வரவில்லை.

வெளியீடு வரவில்லை என்பது நம் முடிவை நேரடியாகப் பாதிக்கிறது. பீட்டாவை நிறுவிவிட்டு ஆறு மாதம் அதிலேயே இருந்துகொண்டு நிரல் எழுத முடியாது. இயங்குதளத்தின் மையமான கர்னலும் நூலகங்களும் ஏறத்தாழ அன்றாடம் மாறிக்கொண்டிருக்கின்றன. நாம் அனுப்பும் பேட்ச், அதாவது திருத்தம், அன்றைய மூலநிரலில் பொருந்த வேண்டும். ஆகவே முழு இயங்குதளத்தையும் ஒரே கோப்பாக்கி ஒவ்வொரு நாளும் தானாகக் கட்டப்படும் நைட்லி படிமங்களைப் பின்தொடர்ந்தே வேலை செய்ய வேண்டும். எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தாலும், இன்றைய கட்டுமானத்தில் ஓடுவது நாளைய கட்டுமானத்தில் ஓடாமல் போகலாம், அப்போது எவ்வளவு விரைவாக மீண்டு வர முடியும் என்பதைச் சேர்த்தே எடை போடுங்கள்.

லினக்ஸிலிருந்து

பெரும்பாலோர் செல்லும் பாதை இது. மூலநிரலின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் கருவியின் இரண்டு களஞ்சியங்களை இறக்க வேண்டும். ஒன்று ஹைக்கூவின் மூலநிரல், மற்றது பில்ட்டூல்ஸ். ஹைக்கூவுக்கென்று மாற்றப்பட்ட ஜிசிசி கம்பைலரும் அதன் துணைக் கருவிகளான பின்யூடில்ஸும் ஜாம் என்ற கட்டுமானக் கருவியும் இரண்டாவதில் இருக்கின்றன. மேக் (make) கருவியைப் பழகியவர்களுக்கு ஜாம் முதலில் விநோதமாகத் தெரியும். ஒரு வாரத்தில் பழகிவிடும். எந்த பிராசசர் வகைக்கு வேண்டும், பில்ட்டூல்ஸ் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் கான்ஃபிகர் கட்டளையில் சொல்லிவிட்டால் முதலில் கிராஸ் கம்பைலர், அதாவது லினக்ஸில் ஓடிக்கொண்டே ஹைக்கூவுக்கான நிரலை ஆக்கும் கம்பைலர், உருவாகும். பிறகு ஜாமிடம் படிமத்தைக் கேட்டால் தேவையான மற்ற மென்பொருள் பொதிகளை இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டு முழு இயங்குதளத்தையும் கட்டித் தரும். என் நான்கு கோர் மடிக்கணினியில் முதல் முறை இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டாம் முறையிலிருந்து மாறிய கோப்புகள் மட்டுமே கம்பைல் ஆவதால் சில நிமிடங்கள் போதும்.

பிராசசர் வகையைக் கேட்கும் இடத்தில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 64 பிட், 32 பிட் இரண்டும் உண்டு. பழைய பீஓஎஸ் செயலிகளை அப்படியே ஓட்டக்கூடியது 32 பிட் மட்டுமே. அந்தச் செயலிகள் ஜிசிசி 2.95 காலத்தவை. அதன் பிறகு சி++ நிரல்கள் பைனரி அளவில் ஒன்றோடொன்று பேசும் முறை மாறிவிட்டது. அதனால் 32 பிட் ஹைக்கூ இரண்டு கம்பைலர்களால் கட்டப்படுகிறது. இன்றைய லினக்ஸில் அந்தப் பழைய ஜிசிசியைக் கட்ட 32 பிட் நூலகங்களைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். பீஓஎஸ் பொருத்தம் தொடர்பான பிழையைத் திருத்த வராதவர்கள் யோசிக்காமல் 64 பிட்டைத் தேர்ந்துகொள்ளலாம்.

லினக்ஸில் ஹைக்கூ படிமம் உருவாகும் விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஹைக்கூவின் கோப்பமைப்பு பிஎஃப்எஸ். லினக்ஸ் கர்னலில் அதைப் படிக்க டிரைவர் உண்டு, எழுத வழியில்லை. பின் எப்படிக் கோப்புகளைப் படிமத்துக்குள் வைப்பது? ஹைக்கூ கர்னலில் ஓடும் அதே பிஎஃப்எஸ் மூலநிரலையே லினக்ஸில் ஒரு சாதாரண நிரலாகக் கம்பைல் செய்து, அதன் வழியாகவே கோப்புகளை எழுதிவிடுகிறார்கள். ரூட் எனும் நிர்வாகி அனுமதி தேவையில்லை, படிமத்தை ஒரு வட்டுப் போல இணைத்து மவுண்ட் செய்ய வேண்டியதில்லை. கோப்புகளோடு ஒட்டி வரும் பண்புகளும், அதாவது ஐகான், கோப்பு வகை போன்றவையும், சேதமில்லாமல் போய்ச் சேர்கின்றன. ஹைக்கூவில் இந்தப் பண்புகள் அலங்காரம் அல்ல. மின்னஞ்சலின் அனுப்புநர், பொருள், நிலை எல்லாம் கோப்பின் பண்புகளாகவே சேமிக்கப்படுகின்றன, அவற்றைத் தரவுத்தளம் போலத் தேடலாம். பண்புகளை இழந்த படிமம் பாதி ஹைக்கூதான்.

கட்டியதைக் கியூஈஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டலாம். லினக்ஸின் கேவிஎம் வசதி கைகொடுத்தால் கிட்டத்தட்ட உண்மைக் கணினியின் வேகம் கிடைக்கும். கர்னலில் ஒரு வரியை மாற்றினால் முழுப் படிமத்தையும் மறுபடி கட்ட வேண்டாம். மாறிய பகுதியை மட்டும் படிமத்தில் புதுப்பிக்கச் சொல்லி ஜாமுக்கு ஒரு கட்டளை கொடுத்துவிட்டு உடனே பூட் செய்யலாம். கர்னல் விழுந்தால் கேடிஎல் என்று அழைக்கப்படும் பிழைதேடும் திரை வரும். சீரியல் போர்ட்டை முனையத்தோடு இணைத்திருந்தால் அதன் வெளியீடு முழுவதும் எழுத்தாக நம் லினக்ஸ் திரைக்கு வந்துவிடும், நகலெடுத்துப் பிழை அறிக்கையில் ஒட்டலாம். உண்மையான மடிக்கணினியில் இதே விபத்து நடந்தால் கைபேசியில் திரையைப் படம் பிடிப்பதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழி இருக்காது. இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் எங்கே இருக்கிறது? கர்னல் வேலைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது என்று தயங்காமல் சொல்வேன்.

குறை என்னவென்றால், இப்படி வேலை செய்பவர் ஹைக்கூவுக்குள் வாழ்வதே இல்லை. நானே மூன்று மாதம் அப்படி இருந்தேன். பூட் ஆகிறதா, சோதனை தேறுகிறதா என்று பார்ப்பேன், உடனே ஜன்னலை மூடிவிடுவேன். அந்த மூன்று மாதத்தில் ஹைக்கூவில் ஒரு கடிதம்கூட எழுதிப் பார்க்கவில்லை. அதனால் அன்றாடம் பயன்படுத்துகிறவர்களை உறுத்தும் பிழைகள் எதுவும் என் கண்ணில் படவே இல்லை.

ஹைக்கூவுக்குள்ளிருந்தே

ஹைக்கூ தன்னைத்தானே கம்பைல் செய்துகொள்ளும். சிறு குழு எழுதும் இயங்குதளங்களில் இந்த நிலையை எட்டியவை அதிகம் இல்லை. ஹைக்கூவிலேயே ஜிசிசி, கிட், ஜாம் எல்லாம் பொதிகளாகக் கிடைக்கின்றன. அதே பிராசசர் வகைக்குக் கட்டுவதானால் கிராஸ் கம்பைலரைக் கட்டும் வேலை மிச்சம். கோப்புப் பண்புகள் இயல்பாகவே இருப்பதால் அதற்கான மாற்று ஏற்பாடுகளும் வேண்டாம். பழைய பீட்டாவில் உட்காராமல் அண்மைய நைட்லியில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இங்கே கம்பைல் வேகம் அதே கணினியில் லினக்ஸைவிடக் குறைவுதான். ஆனால் திரையில் தெரியும் எதையாவது மாற்றுகிறீர்கள் என்றால், மாற்றியதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் இடையிலான தூரம் மிகக் குறுகிவிடுகிறது. பணிப்பட்டையான டெஸ்க்பாரிலோ கோப்பு மேலாளரான டிராக்கரிலோ ஒரு மாற்றம் செய்தால் அந்த ஒரு செயலியை மட்டும் கட்டி, ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுப் புதியதை ஓட்டலாம். மறுபூட் இல்லை, படிமம் இல்லை. திரையை வரையும் ஆப் சர்வரைக்கூட, ஓடுகிற சர்வரைத் தொடாமல், சோதனைப் பதிப்பாக ஒரு ஜன்னலுக்குள் ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது.

ஆபத்து இல்லாமல் இல்லை. ஹைக்கூவில் எல்லாமே ஒரே பயனராக, முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. நம் நிரல் தவறாக ஒரு கோப்புறையை அழிக்கச் சொன்னால் தடுக்க யாரும் இல்லை. 2013இல் வந்த பொதி மேலாண்மை இதற்கு ஓரளவு காப்பு. அமைப்புக் கோப்புகள் எச்பிகேஜி என்ற பொதிகளுக்குள் இருந்தபடியே மவுண்ட் ஆகின்றன, அவற்றை நேரடியாக மாற்ற முடியாது. புதிதாகக் கட்டிய ஹைக்கூ பொதியைப் பழையதன் இடத்தில் வைத்து மறுபூட் செய்கிறோம், எழுந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பூட் ஆகும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் முந்தைய பொதி நிலை ஒன்றைத் தேர்ந்து பழைய அமைப்புக்கே திரும்பிவிடலாம். யூஈஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் புதிய கணினிகளில் ஸ்பேஸ் விசையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கலாம். இந்த ஒரு வசதி இல்லையென்றால், ஹைக்கூவுக்குள்ளிருந்தே ஹைக்கூவைக் கட்டுங்கள் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பொதி நிலை மூலநிரலைக் காப்பாற்றாது. கோப்பமைப்பைத் தொடும் பேட்ச் ஒன்றை, நான் வேலை செய்துகொண்டிருந்த வட்டுப் பகிர்விலேயே சோதித்து இரண்டு வார உழைப்பை இழந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் என் கிட் கிளையைக் கணினிக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் எழுகிறேன். கோப்பமைப்பு வேலையை ஹைக்கூவுக்குள் செய்வதே இல்லை. அதற்கு லினக்ஸும் தூக்கி எறியக்கூடிய ஒரு படிமமும்தான்.

இதற்கென்று எந்தக் கணினியைத் தேர்வது என்பதற்கும் கவனம் வேண்டும். கம்பியில்லா வலைத் தொடர்புக்கான டிரைவர்கள் பெரும்பாலும் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்தும் ஓப்பன்பிஎஸ்டியிலிருந்தும் எடுத்துப் பொருத்தப்பட்டவை. அங்கே ஓடாத சாதனம் இங்கே ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூடியை மூடினால் உறங்கும் வசதி கிடையாது, நிறுத்திவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். வரைகலை முடுக்கம் இல்லை, பிராசசரே திரையை வரைகிறது. ஆனாலும் சில ஆண்டுகள் பழைய அலுவலக மடிக்கணினியில் ஹைக்கூ அழகாக ஓடும். எனிபூட் எனப்படும் ஒரே படிமம் டிவிடியிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் பூட் ஆகும். இரண்டாம் கை மடிக்கணினி வாங்குவதானால் அந்தப் பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே பூட் செய்து, வலைத் தொடர்பும் டச்பேடும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

இடைப்பட்ட வழிகள்

ஒரே கணினி வைத்திருப்பவர்களுக்கு மெய்நிகர் கணினிதான் எளிது. கியூஈஎம்யூவிலோ விர்ச்சுவல்பாக்ஸிலோ ஹைக்கூவை நிறுவி, மூலநிரலை அதற்குள்ளேயே இறக்கிக் கம்பைல் செய்யலாம். பெரிய மாற்றத்துக்கு முன், அப்போதைய நிலையை அப்படியே சேமிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால் எந்த விபத்திலிருந்தும் ஒரு நொடியில் திரும்பலாம், பொதி நிலையைவிட இது முழுமையான காப்பு. எட்டு ஜிபியில் நான்கை அதற்குக் கொடுத்தால் மீதியில் விண்டோஸும் உலாவியும் மூச்சுத் திணறும் என்பது உண்மை. கம்பைல் நேரமும் கூடும். ஆனாலும் ஹைக்கூ தமக்குப் பிடிக்குமா என்றே தெரியாமல் வருகிறவருக்கு, எதையும் அழிக்காமல் தொடங்க இது நல்ல இடம்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 நடைமுறையில் ஒரு லினக்ஸ்தான், முன்பு சொன்னவை எல்லாம் அதற்கும் பொருந்தும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். மூலநிரலைச் சி டிரைவில் வைக்காதீர்கள். அங்கே லினக்ஸ் பக்கத்திலிருந்து கோப்புகளைத் தொடுவது மிக மெதுவானது, ஹைக்கூ போல ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள களஞ்சியத்துக்கு அது தாங்காது. டபிள்யூஎஸ்எல்லின் சொந்த ஈஎக்ஸ்டி4 வட்டுக்குள்ளேயே வையுங்கள். இரண்டாவது, இயல்பாக அது கணினி நினைவகத்தில் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நான்கு ஜிபியில் பல கோர்களும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்யத் தொடங்கினால் நடுவழியில் கம்பைலர் கொல்லப்பட்டு, காரணம் புரியாத பிழை வரும். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள், அதன் இயல்பான கோப்பமைப்பு ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதுவதால், வேறுபடுத்தும் தனி வட்டுப் படிமம் ஒன்றை உருவாக்கி அதில்தான் கட்ட வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் 64 பிட் இன்டெல் ஹைக்கூவை ஓட்டினால் ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்க்கப்பட்டே ஓடும், அது பொறுமையைச் சோதிக்கும். கன்டெய்னர் எனும் தனித்துப் பிரித்த சூழலில் கட்டுவதும் சாத்தியம். பலர் ஒரே சூழலில் கட்ட வேண்டிய தேவை இருந்தால் பயன்படும். தனியாளுக்கு அதில் நான் எந்த லாபத்தையும் காணவில்லை.

எனவே இந்தக் கேள்வியோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, எதை மாற்ற வருகிறீர்கள் என்பதைத்தான். கர்னல், கோப்பமைப்பு என்றால் லினக்ஸில் கட்டி கியூஈஎம்யூவில் ஓட்டுங்கள், கணினி ஒன்று போதும். டெஸ்க்பார், டிராக்கர், அமைப்புச் செயலிகள், மொழிபெயர்ப்பு என்றால் உண்மைக் கணினியில் ஹைக்கூவை நிறுவி அதற்குள்ளேயே உட்காருங்கள். ஹைக்கூபோர்ட்ஸ் வழியாகப் பிற மென்பொருள்களைக் கொண்டுவரும் வேலைக்கும் இதுவே சரி, ஹைக்கூபோர்ட்டர் கருவி அங்கேதான் இயல்பாக ஓடும். டிரைவர் எழுதுகிறவருக்கு மட்டும் இரண்டுமே தேவை. லினக்ஸில் கட்டுவார், ஆனால் அந்தச் சாதனம் இருக்கும் கணினியில்தான் ஓட்டிப் பார்க்க முடியும். கியூஈஎம்யூ அந்தச் சாதனமாக நடிக்காது. டிரைவர் வேலையில் கணினி உறைந்துபோனால் ஒரு சிறு வசதி உதவும்: மின்சாரத்தைத் துண்டிக்காமல் மறுபூட் செய்தால், பூட் பட்டியலிலிருந்தே முந்தைய ஓட்டத்தின் பதிவைப் படிக்கலாம். நினைவகத்தில் அது அழியாமல் இருந்தால் உறைந்த கணத்துக்கு முந்தைய வரிகள்கூடக் கிடைக்கும்.

எட்டு ஜிபி விண்டோஸ் மடிக்கணினிக்கு என் பதில் இன்று இது. டபிள்யூஎஸ்எல் 2இல் கம்பைல் செய்யுங்கள். பழைய மடிக்கணினி ஒன்றை வீட்டிலோ உறவினரிடமோ தேடிப் பிடித்து அதில் நைட்லி ஹைக்கூவை நிறுவுங்கள். டபிள்யூஎஸ்எல்லில் கட்டிய பொதியை உள்வலை வழியாக அதற்கு அனுப்பி மறுபூட் செய்யுங்கள். கம்பைல் வேகமாக நடக்கும், நீங்கள் வாழ்வது ஹைக்கூவில் இருக்கும். இரண்டாவது கணினி கிடைக்கவே இல்லை என்றால் மெய்நிகர் கணினி, ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அதை முழுத் திரையில் விரித்து அன்றைய வேலைகளை எல்லாம் அதிலேயே செய்யுங்கள்.

நான் கடைசியில் இதே ஏற்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தேன், அதற்குக் காரணம் தமிழ். ஐந்தாவது பீட்டாவிலும் ஹைக்கூவின் சொந்தச் செயலிகள் தமிழைச் சரியாக வரைவதில்லை. எழுத்துருவை நிறுவினால் எழுத்துகள் தெரியும். ஆனால் மெய்யெழுத்துக்கு இடப்புறம் வர வேண்டிய கொம்பு வலப்புறம் நிற்கும். ஆப் சர்வர் ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் அப்படியே வைத்துவிடுகிறது, அவற்றை ஒன்றிணைத்து வடிவமைக்கும் படி அங்கே இல்லை. கியூடி நூலகம் கொண்டு எழுதப்பட்ட செயலிகள் அந்தப் படியைத் தாமே செய்துகொள்வதால் அதே கணினியில் அவற்றில் தமிழ் சரியாகத் தெரிகிறது. கியூஈஎம்யூவில் மட்டும் வேலை செய்த மூன்று மாதத்தில் இது என் கண்ணில் படவில்லை. பழைய மடிக்கணினியில் ஹைக்கூவை நிறுவி, அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத ஹைக்கூவின் உரைத் திருத்தியான ஸ்டைல்டுஎடிட்டைத் திறந்த முதல் மாலையே பட்டது. இப்போது அந்த மடிக்கணினியின் டெஸ்க்டாப்பில் ‘கெண்டை, தேன், கொன்றை, பையன்’ என்ற நான்கு சொற்களை மட்டும் கொண்ட ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு புதிய கட்டுமானத்தையும் பூட் செய்தவுடன் நான் முதலில் திறப்பது அதைத்தான்.